எல்பிஎன் சான்றிதழ் படிப்பு: போடுவது எவ்வளவு, வருவது எவ்வளவு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜ் எனப்படும் உள்ளூர் அரசுக் கல்லூரியில் ஓராண்டு பிராக்டிகல் நர்சிங் படித்து எல்பிஎன் ஆகலாமா என்று கணக்குப் பார்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்கான பக்கம் இது. தொகைகள் எல்லாம் டாலரில். உதாரணக் கணக்குகளில் உங்கள் ஊர் எண்களைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். விடை கணிசமாக மாறும்.

எல்பிஎன் என்பவர் என்ன வேலை செய்வார்?

லைசன்ஸ்டு பிராக்டிகல் நர்ஸ். கலிபோர்னியாவிலும் டெக்சாஸிலும் இதே ஆளை எல்விஎன் என்பார்கள். நர்சிங் உதவியாளரான சிஎன்ஏ-வுக்கு மேல், பதிவுபெற்ற நர்ஸான ஆர்என்-க்குக் கீழ். மாத்திரை கொடுப்பது, இன்சுலின் போடுவது, புண்ணைச் சுத்தம் செய்து கட்டுவது, சிறுநீர்க் குழாய் பொருத்துவது எல்லாம் செய்யலாம். புதிதாக வந்த நோயாளியை முழுமையாக மதிப்பிட்டுப் பராமரிப்புத் திட்டம் எழுதுவது ஆர்என் பொறுப்பு. நரம்பு வழியாக மருந்து ஏற்றலாமா என்பதில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு.

ஒரு சொல்லை மட்டும் இப்போதே தெளிவுபடுத்திவிடலாம். நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் சின்னத் தனியார் மருத்துவமனை. அமெரிக்காவில் அது முதியோரும் நெடுநாள் நோயாளிகளும் தங்கிப் பராமரிப்புப் பெறும் இல்லம். எல்பிஎன்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு வேலை இப்படிப்பட்ட இல்லங்களில்தான்.

படித்து முடிக்க மொத்தம் எவ்வளவு ஆகும்?

கல்லூரி இணையதளத்தில் போட்டிருக்கும் கட்டணத்தைப் பார்த்து மகிழ்ந்துவிட வேண்டாம். 2024-25இல் உள்ளூர் மாணவருக்குக் கம்யூனிட்டி காலேஜ் கட்டணத்தின் நாடு தழுவிய சராசரி ஆண்டுக்கு 4,050 டாலர். கலிபோர்னியாவில் பாடத்தை அளக்கும் ஒரு யூனிட்டுக்கு 46 டாலர்தான். ஆனால் பிராக்டிகல் நர்சிங் பெரும்பாலும் கோடையையும் சேர்த்து மூன்று செமஸ்டர் ஓடும், ஆய்வகக் கட்டணமும் தனி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இந்தப் படிப்புக்கு அப்படியே பொருந்தும்.

நடுத்தரக் கட்டணமுள்ள ஒரு கல்லூரியை வைத்து உதாரணம்: நர்சிங் பாடங்களுக்கு 6,000. அதற்கு முன் முடிக்க வேண்டிய உடற்கூறியல், ஆங்கிலம், உளவியல் பாடங்களுக்கு 900. புத்தகம், ஏ.டி.ஐ. அல்லது ஹெசி போன்ற ஆன்லைன் பயிற்சித் தொகுப்புக்கு 1,800. சீருடை, ஷூ, ஸ்டெதஸ்கோப், நொடிமுள் உள்ள கைக்கடிகாரம் 350. தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை, போதைப்பொருள் சோதனை, கைரேகை, சிபிஆர் என்ற இதய-சுவாச முதலுதவிப் பயிற்சி அட்டை எல்லாம் சேர்த்து 400. உரிமத் தேர்வுக்கு 200, மாநில உரிம விண்ணப்பத்துக்கும் மற்றதுக்கும் 250. நோயாளிகளிடம் நேரடியாகச் செய்யும் கிளினிக்கல் பயிற்சிக்கு ஊர் ஊராக ஓட்டும் பெட்ரோலுக்கு 1,500. கூட்டினால் 11,400. கட்டணம் என்று நினைத்தது பாதிக்கு மேல் கொஞ்சம்தான்.

அதையும் தாண்டிய பெரிய செலவு ரசீதில் வராது. அது நீங்கள் விடும் சம்பளம், அல்லது குழந்தைக்குக் கட்டும் டே கேர்.

சம்பளம் உண்மையில் எவ்வளவு வரும்?

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2024 மே கணக்கில் எல்பிஎன்களின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் 62,340. பாதிப் பேர் அதற்குக் கீழே, பாதிப் பேர் மேலே. அதே கணக்கில் நர்சிங் உதவியாளர்களுக்கு 39,530, ஆர்என்களுக்கு 93,600.

இந்த 62,340இல் இருபது வருட அனுபவம் உள்ளவர்களும் அடக்கம். புதிதாக வருபவர் முதல் நாளே அதை எதிர்பார்க்கக் கூடாது. வாஷிங்டன், ஆரிகன், கலிபோர்னியாவில் அதிகம் கிடைக்கும், வீட்டு வாடகையும் அதற்கு ஏற்றபடி இருக்கும். அலபாமா, மிசிசிப்பி, மேற்கு விர்ஜினியாவில் குறைவு. இடத்தைப் பொறுத்தும் மாறும்: டாக்டர் கிளினிக்கில் சனி ஞாயிறு விடுமுறை உண்டு, சம்பளம் குறைவு, நர்சிங் ஹோமில் சம்பளம் கூடுதல், வேலை முதுகை ஒடிக்கும்.

பலர் தவறுவது மணிக்கணக்கில். "மணிக்கு 28" என்றதும் அதை 2,080 மணி நேரத்தால் பெருக்கி 58,240 என்று எழுதிக்கொள்கிறார்கள். வேலை 12 மணி நேர ஷிஃப்ட் வாரத்துக்கு மூன்று என்றால் வாரம் 36 மணிதான். ஆண்டுக்கு 1,872 மணி, 52,416 டாலர். ஏறக்குறைய 6,000 அங்கேயே போய்விட்டது. மதிய உணவு அரை மணிக்குச் சம்பளம் உண்டா என்றும் கேளுங்கள். பெரும்பாலும் இல்லை.

போட்ட பணம் எத்தனை நாளில் திரும்பும்?

தனி ஆள், மணிக்கு 17 டாலரில் முழுநேர வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 35,360. படிக்கும் வருடம் வார இறுதியில் மட்டும் 16 மணி நேரம் வேலை. வாரம் 24 மணி நேரத்தை 50 வாரத்துக்கு இழக்கிறார்: 1,200 மணி, 20,400 டாலர். வரியாக எப்படியும் ஐந்தில் ஒரு பங்கு போயிருக்கும் என்பதால் உண்மை இழப்பு 16,320. கைச்செலவு 11,400ஐச் சேர்த்தால் 27,720.

படித்து முடித்து மணிக்கு 28க்கு வாரம் 40 மணி நேர வேலை கிடைக்கிறது. கூடுதல் வருமானம் ஆண்டுக்கு 22,880. வரி போகக் கையில் நிற்பது 18,300 சொச்சம். போட்டதை எடுக்க ஏறக்குறைய 18 மாதம்.

இதே ஆள் ஒரு பாடத்தில் தோற்று அடுத்த பேட்ச் வரை ஓராண்டு காத்திருந்தால்? பழைய வேலைக்கு முழுநேரம் திரும்பினாலும் அந்த 18,300 தள்ளிப்போகிறது. நர்சிங் கட்டணத்தைப் போல மூன்று மடங்கு. கட்டணத்தில் 500 மிச்சம் பிடிக்க மூன்று கல்லூரி ஏறி இறங்குவதைவிட, முதல் தடவையே தேர்ச்சி பெற வைக்கும் கல்லூரியைத் தேடுவது லாபம்.

கணவருக்கு ஐடி வேலை. எனக்கு இப்போது சம்பளம் இல்லை. எங்களுக்கு எப்படி?

உங்களுக்கு இழக்கச் சம்பளம் இல்லை, ஆனால் வரியும் டே கேரும் கடிக்கும். இருவரும் சேர்ந்து வரி தாக்கல் செய்தால், உங்கள் சம்பளத்தின் முதல் டாலரே கணவர் சம்பளத்தின் மேல் ஏறி உட்காரும். அவருக்கு 1,50,000 என்றால் உங்கள் வருமானத்துக்கு மத்திய வரி 22 சதவீதம். ஓய்வூதியத்துக்கும் முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கும் பிடிக்கும் சோஷியல் செக்யூரிட்டியும் மெடிகேரும் 7.65 சதவீதம்.

டெக்சாஸ் போல மாநில வருமான வரி இல்லாத இடம் என்றே வைப்போம். 52,416இல் கைக்கு வருவது சுமார் 36,875. டே கேர் மாதம் 1,500 என்றால் ஆண்டுக்கு 18,000. இரண்டாவது காருக்குக் காப்பீடு, பெட்ரோல் 3,500. மிச்சம் 15,375. படிக்கும் வருடமும் டே கேர் கட்டியிருப்பீர்கள் என்பதால் முதலீடு 11,400உம் 18,000உம் சேர்ந்து 29,400. திரும்ப வரக் கிட்டத்தட்ட இரண்டு வருடம்.

குழந்தை பள்ளிக்குப் போகும் வயது என்றால் கணக்கு தலைகீழ். ஒரே வருடத்துக்குள் முதல் திரும்பிவிடும். குழந்தைக்கு மூன்று வயது, இன்னும் இரண்டு வருடத்தில் கிண்டர்கார்டன் என்றால், இப்போது முன்பாடங்களை மாலையிலும் ஆன்லைனிலும் முடித்துவிட்டு நர்சிங் பாடங்களை அப்போது தொடங்குவது புத்திசாலித்தனம். ஊரிலிருந்து அம்மாவோ மாமியாரோ வந்து பார்த்துக்கொள்வார்கள் என்று திட்டம் போட்டால், வழக்கமாக ஒரு வருகைக்கு ஆறு மாதம்தான் அனுமதி, படிப்போ பன்னிரண்டு மாதம் என்பதை நினைவில் வையுங்கள்.

தனியார் பள்ளியில் உடனே இடம் தருகிறார்கள். அங்கே சேரலாமா?

மேலே சொன்ன முதல் உதாரணத்தில் 6,000க்குப் பதில் 32,000 போட்டுப் பாருங்கள். மொத்தம் 53,720 ஆகும். முதல் திரும்ப 18 மாதம் என்பது 35 மாதமாகிவிடும், கடன் வட்டி தனி. கையில் வருவது அதே உரிமம், அதே சம்பளம்.

கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடக் காத்திருப்பு, தனியாரில் அடுத்த மாதமே என்றால் யோசிக்க இடமுண்டு. அப்போதும் இரண்டைச் சரிபாருங்கள்: மாநில நர்சிங் வாரியத்தின் அங்கீகாரப் பட்டியலில் பெயர் இருக்கிறதா, அந்தப் பாடங்களைப் பிறகு ஆர்என் படிப்புக்கு உங்கள் ஊர்க் கல்லூரி ஏற்குமா. முதலாவது இல்லையென்றால் உரிமத் தேர்வே எழுத முடியாது. இரண்டாவது இல்லையென்றால் எல்லாவற்றையும் மறுபடி படிக்க வேண்டும்.

வகுப்புக்கே வராமல் சான்றிதழ் தருகிறோம் என்று யாராவது சொன்னால் ஓடிவிடுங்கள். ஃபுளோரிடாவில் மூன்று பள்ளிகள் வழியாக 7,600க்கும் மேற்பட்ட போலி நர்சிங் சான்றிதழ்கள் விற்கப்பட்டதாக 2023 ஜனவரியில் மத்திய அரசு வழக்குப் போட்டது. அவற்றை வாங்கியவர்களின் உரிமங்களையும் பல மாநில வாரியங்கள் ரத்து செய்தன.

உதவித்தொகை கிடைக்குமா?

கிரீன் கார்டு, குடியுரிமை உள்ளவர்கள் மத்திய அரசுக் கல்வி உதவிக்கான ஃபாஃப்சா விண்ணப்பம் போட்டால், வருமானத்தைப் பொறுத்து பெல் கிராண்ட் ஆண்டுக்கு 7,395 வரை கிடைக்கலாம். திருப்பித் தர வேண்டாத பணம்.

இங்கே நம்மவர்கள் இடறும் இடம் ஒன்று உண்டு. ஏற்கெனவே இளங்கலைப் பட்டம் பெற்றவருக்கு பெல் கிராண்ட் கிடையாது, அந்தப் பட்டம் இந்தியாவில் வாங்கியது என்றாலும். பி.ஏ. வரலாறு படித்துவிட்டு ஃபாஃப்சாவில் பட்டம் இல்லை என்று குறிப்பது பொய்த் தகவல். பின்னால் பணத்தைத் திருப்பிக் கட்ட நேரும். மத்திய அரசுக் கல்விக் கடன் மட்டும் வாங்கலாம்.

பெல் கிடைக்காதவர்கள் லைஃப்டைம் லேர்னிங் வரிச் சலுகையைப் பாருங்கள். கட்டணத்தில் 20 சதவீதம், ஆண்டுக்கு 2,000 வரை வரியில் கழியும். வருமான உச்சவரம்பு உண்டு. டென்னசி, மிச்சிகன், மாசசூசெட்ஸ் மாநிலங்களில் பெரியவர்களுக்குக் கம்யூனிட்டி காலேஜ் கட்டணத்தையே ஏற்கும் திட்டங்கள் இருக்கின்றன. வசிப்பிடம், பட்டம் பற்றிய நிபந்தனைகளைச் சேர்க்கை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எச்-1பி ஊழியரின் துணைக்கான எச்-4 விசாவில் இருக்கிறேன். படிக்கலாமா?

படிக்கலாம், விசா மாற்றத் தேவையில்லை. வேலை பார்க்கத்தான் ஈஏடி என்ற வேலை அனுமதி அட்டை வேண்டும். அது கணவருக்கான கிரீன் கார்டு மனுவான ஐ-140 ஏற்கப்பட்டவர்களுக்குத்தான் பெரும்பாலும் கிடைக்கும். ஈஏடி இல்லாமல் படித்தால் உரிமத்தைச் சட்டகம் போட்டுச் சுவரில் மாட்டலாம், சம்பளம் வராது. சில மாநிலங்கள் சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாமல் உரிமமே தருவதில்லை.

இந்தப் படிப்பை வைத்துக் கிரீன் கார்டு வாங்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஷெட்யூல் ஏ என்ற சுருக்கவழி நர்ஸ்களில் ஆர்என்களுக்கு மட்டும்தான். எல்பிஎன்கள் அதில் இல்லை.

இந்தியாவில் பி.எஸ்சி. நர்சிங் முடித்திருக்கிறேன். எல்பிஎன் படிப்பதா?

வேண்டாம். உங்கள் சான்றிதழ்களை மதிப்பீட்டுக்கு அனுப்பி நேரடியாக ஆர்என் தேர்வுக்கு விண்ணப்பியுங்கள். ஜிஎன்எம் என்ற நர்சிங் டிப்ளமா முடித்தவர்களையும் பல மாநிலங்கள் ஆர்என் தேர்வுக்கு அனுமதிக்கின்றன. பல்கலைக்கழகத்திலிருந்தும் மாநில நர்சிங் கவுன்சிலிலிருந்தும் மதிப்பெண், பதிவு விவரங்கள் வர மாதக்கணக்கில் ஆகும். ஊரில் நேரில் போய் விரட்ட ஓர் ஆள் வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனாலும் இடைநிலைச் சம்பளத்தில் ஆண்டுக்கு 31,260 வித்தியாசம் இருக்கும்போது அலுப்பைப் பார்க்கக் கூடாது.

நேராகவே ஆர்என் படித்துவிட்டால்?

இடம் கையில் இருந்தால் அதுதான் சரி. கம்யூனிட்டி காலேஜில் இரண்டாண்டு அசோசியேட் பட்டம் முடித்தவரும் ஆர்என் தேர்வே எழுதுகிறார். சிக்கல் இடம் கிடைப்பதில். பல ஊர்களில் காத்திருப்போர் பட்டியல் ஒன்றிரண்டு வருடம் நீளும், சில இடங்களில் குலுக்கல்கூட உண்டு.

காத்திருக்கும் காலத்தில் எல்பிஎன் முடித்துச் சம்பாதித்துக்கொண்டே, ஓராண்டு ஒன்றரை ஆண்டு ஓடும் எல்பிஎன்-ஆர்என் பிரிட்ஜ் படிப்பில் சேரலாம். எல்பிஎன்னை ஒரு படிக்கட்டாக எடுப்பவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு நன்றாக வேலை செய்கிறது என்பது எங்கள் கருத்து. அங்கேயே நின்றுவிட்டால் சம்பளம் சில வருடங்களில் உச்சத்தைத் தொட்டு நின்றுவிடும். பிரிட்ஜ் செலவை ஏற்கும் முதலாளி கிடைத்தால், மணிக்கு ஒரு டாலர் குறைந்தாலும் அவரிடம் சேரலாம்.

எங்கே தோற்கிறார்கள்?

முதல் பலி மருந்துக் கணக்குத் தேர்வில். 90 சதவீதம் எடுத்தால்தான் கிளினிக்கலுக்கு அனுப்புவோம், இரண்டு மூன்று வாய்ப்புதான் என்று பல கல்லூரிகள் வைத்திருக்கின்றன. கணக்கு ஏழாம் வகுப்புத் தரம்தான். 0.25 மி.கி. மாத்திரை இருக்கிறது, டாக்டர் எழுதியது 0.125, அரை மாத்திரை. எடை 154 பவுண்டு, 2.2ஆல் வகுத்தால் 70 கிலோ. நம்மவர்களுக்கு மதிப்பெண் போவது விடையை எழுதும் விதத்தில். அரையை ".5" என்று எழுதினால் தவறு, "0.5" என்றே எழுத வேண்டும். ஐந்தை "5.0" என்று எழுதினாலும் தவறு. புள்ளி கண்ணில் படாமல் போனால் நோயாளிக்குப் பத்து மடங்கு மருந்து போய்விடும் என்பதால் இந்தக் கெடுபிடி.

இரண்டாவது, "முதலில் எதைச் செய்வாய்?" வகைக் கேள்விகள். நான்கு விடையும் சரியாகவே இருக்கும். எது முதலில் என்பதுதான் கேள்வி. மனப்பாடம் இங்கே கைகொடுக்காது. பல கல்லூரிகளில் தேர்ச்சிக்கு 75 முதல் 78 வரை வேண்டும். நம் ஊர் 35 கணக்கு இங்கே எடுபடாது.

கடைசியில் உரிமத் தேர்வான என்கிளெக்ஸ்-பிஎன். குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150, ஐந்து மணி நேரம். உங்கள் விடையைப் பார்த்தே கணினி அடுத்த கேள்வியைத் தேர்ந்தெடுக்கும். 85இலேயே நின்றுவிட்டால் தோல்வி என்று பொருளல்ல. தோற்றால் 45 நாள் கழித்து மறுபடி எழுதலாம், மறுபடி 200 கட்டி. படிப்பு முடிந்து நான்கு மாதம் "ஓய்வெடுத்து" எழுதுவது ஆபத்து. ஆறு வாரத்துக்குள் எழுதிவிடுங்கள்.

காசநோய்ப் பரிசோதனையில் பாசிட்டிவ் வந்துவிட்டது. என்ன செய்ய?

பயப்படாதீர்கள். சிறுவயதில் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களுக்குத் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனையில் கை வீங்கலாம். முதலிலேயே குவாண்டிஃபெரான் போன்ற ரத்தப் பரிசோதனை கேளுங்கள்; பிசிஜி அதைப் பாதிக்காது. தெரியாமல் தோல் ஊசி போட்டுக்கொண்டு, பிறகு எக்ஸ்ரே, டாக்டர் கடிதம் என்று அலைந்து கிளினிக்கல் தொடங்கும் தேதியைத் தவறவிடுபவர்கள் உண்டு. ஹெப்படைடிஸ் பி-யும் அப்படித்தான்: மூன்று ஊசி வழக்கமான முறையில் முடிய ஆறு மாதம் ஆகும். சேர்க்கைக் கடிதம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

படித்துக்கொண்டே வேலை பார்க்கலாமா?

வாரம் 16 மணி வரை சமாளிக்கலாம். கிளினிக்கல் காலை 6:45க்குத் தொடங்கும், எந்த நாள் எந்த ஊர் என்பது செமஸ்டருக்குச் சற்று முன்புதான் தெரியும். முழுநேர வேலையோடு சமாளிப்பேன் என்பவர்களில் பலர் இரண்டாவது செமஸ்டரைத் தாண்டுவதில்லை.

நர்சிங் ஹோம் வேலை எப்படி இருக்கும்?

ஒரு காட்சி போதும். காலை ஒன்பது மணி மருந்தை எட்டிலிருந்து பத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது பல இடங்களில் விதி. உங்கள் பொறுப்பில் 25 பேர். 120 நிமிடத்தை 25ஆல் வகுத்தால் ஆளுக்கு ஐந்து நிமிடம்கூட இல்லை. அதற்குள் பெயர் சரிபார்த்து, ரத்த அழுத்தம் பார்த்து, விழுங்க முடியாத பாட்டிக்கு மாத்திரையை நசுக்கி ஆப்பிள் கூழில் கலந்து ஊட்டி, கணினியில் பதிய வேண்டும். எல்லா மாத்திரையையும் நசுக்கவும் கூடாது. மெதுவாகக் கரையும் வகையை நசுக்கினால் முழு மருந்தும் ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கிவிடும். இந்தப் பதற்றம் ஒத்துவருமா என்று அறிய மலிவான வழி, முதலில் சில வாரச் சிஎன்ஏ பயிற்சி முடித்து மூன்று மாதம் வேலை பார்ப்பது.

5,000 டாலர் சேர்ப்பு போனஸ் தருகிறார்களாமே?

ஒப்பந்தத்தைப் படியுங்கள். பெரும்பாலும் தவணையாகத் தருவார்கள்; ஒரு வருடமோ இரண்டு வருடமோ முடியுமுன் விலகினால் திருப்பிக் கேட்பார்கள். வரி பிடித்தது போகத்தான் கைக்கு வரும், திருப்பிக் கேட்பது முழுத் தொகையாகவும் இருக்கலாம். கணவருக்கு வேலை மாற்றம் வரும் வாய்ப்பிருந்தால் போனஸ் இல்லாத, மணிச் சம்பளம் கூடிய வேலையே மேல்.

வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் உரிமம் செல்லுமா?

ஒரு மாநில உரிமத்தை மற்ற மாநிலங்களிலும் செல்ல வைக்கும் நர்ஸ் உரிம உடன்படிக்கையில் 40க்கும் மேற்பட்ட மாநிலங்கள் இருக்கின்றன. எல்பிஎன்களும் அதில் அடக்கம். கலிபோர்னியா, நியூயார்க், இல்லினாய் அதில் இல்லை. அங்கே போனால் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். உடன்படிக்கையில் உள்ள மாநிலத்துக்கே நிரந்தரமாகக் குடிபெயர்ந்தாலும் புது மாநிலத்தில் உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். மறுபடி தேர்வு எழுத வேண்டாம்.

பணம் கட்டுமுன் கல்லூரியிடம் என்ன கேட்பது?

சேர்ந்தவர்களில் எத்தனை பேர் குறித்த காலத்தில் முடித்தார்கள் என்று முதலில் கேளுங்கள். உரிமத் தேர்வுத் தேர்ச்சி 95 சதவீதம் என்று பெருமையாகச் சொல்வார்கள். நாற்பது பேர் சேர்ந்து இருபது பேர்தான் தேர்வுவரை வந்தார்கள் என்றால் அந்த 95க்கு மதிப்பில்லை. தேர்ச்சி விகிதத்தை மாநில வாரியமே ஆண்டுதோறும் வெளியிடும், அதையும் ஒப்பிடுங்கள்.

அடுத்து, ஒரு பாடத்தில் தோற்றால் எப்போது திரும்பச் சேரலாம். கடைசி செமஸ்டரில் படிப்பை முடிக்கும் 'எக்ஸிட்' தேர்வு உண்டா, அதில் தோற்றால் உரிமத் தேர்வுக்கு அனுப்புவார்களா. ஊரில் படித்த விலங்கியல், உடலியல் பாடங்களை ஏற்பார்களா. பல கல்லூரிகள் ஐந்து அல்லது ஏழு வருடத்துக்கு மேல் பழைய அறிவியல் பாடங்களை ஏற்காது. பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். செமஸ்டர் நடுவில் ஆலோசகர் மாறினால் அந்த மின்னஞ்சல்தான் பேசும்.